இறக்கிவிடும் இடம்

மலையாண்டியின் பிடரியில், முடி முடிகிற இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அது இருப்பது மலையாண்டிக்கே தெரியாது. தம்பி நல்லகாமனுக்குத் தெரியும். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனதிலிருந்து அவன் பார்த்த உலகம் முழுக்க அந்த மச்சத்துக்கு மேலாக எட்டிப் பார்த்ததுதான். திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அண்ணன் முதுகில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்று, ஊர் டெய்லரிடம் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் பழகப் போனதும் அதே முதுகில்தான்.

சுமப்பதில் மலையாண்டி ஒருநாளும் முகம் சுளித்தவன் இல்லை. சுளித்தாலும் தம்பிக்குத் தெரிய வழியில்லை. அவன் பார்ப்பது பிடரியை.

சங்கடம் சுமப்பதில் இல்லை, இறக்குவதில் இருந்தது. சுமக்கிறவன் எங்கே இறக்குகிறானோ அங்கேதான் உட்கார வேண்டும். கல்யாண வீட்டில் சுவரோரம். களத்துமேட்டில் நிழல் இருக்கும் பக்கம். டூரிங் டாக்கீஸில் ஒரு தூணுக்குப் பின்னால், "இங்கன இருந்தா ஒருத்தரும் மிதிக்க மாட்டாக" என்று அண்ணன் பத்திரமாக இறக்கிவிடுவான். நல்லகாமன் பார்த்த படங்களிலெல்லாம் கதாநாயகி பாதிதான் வருவாள், மீதி தூண். கொஞ்சம் தள்ளி வை என்று அவன் கேட்டதில்லை. பந்தியில் மற்றவர்கள் "போதும்" என்றால் இன்னொரு கரண்டி விழும். அது உபசாரம். இவன் "போதும்" என்றால் கரண்டி நின்றுவிடும். அதிகம் தின்றால் கொல்லைக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டுமே என்று பரிமாறுகிறவருக்கும் தெரியும், தின்கிறவனுக்கும் தெரியும்.

வாய் அடங்கிப்போனவனுக்குக் கண்ணும் காதும் கூராகிவிட்டன. யார் எதற்குச் சிரிக்கிறார்கள், யார் பேச்சை எங்கே நிறுத்துகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எடைபோடுவான். அப்படி எடைபோட்டு எடைபோட்டு அவனுக்குள் சந்தேகம் ஒரு உறுப்பு மாதிரியே வளர்ந்துவிட்டது. எமர்ஜென்சி நேரத்தில் "கால் பாக்குற முகாம்" என்று ஊருக்குள் ஜீப் வந்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடிக்க வருகிறார்கள் என்று பாதி ஊர் கரும்புக் காட்டுக்குள் புகுந்தது. ஓட முடியாத நல்லகாமன் மட்டும் அகப்பட்டான். வந்தவர்கள் நிஜமாகவே கால் பார்க்க வந்தவர்கள். அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரும்புச் செருப்பு இதோ வருகிறது என்றார்கள். வரவில்லை. பொய் சொல்கிறவர்களை நம்பாமலிருப்பது போலவே மெய் சொல்கிறவர்களையும் நம்பக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தான்.

எண்பதாம் வருஷம் மலையாண்டி சனிக்கிழமைதோறும் கத்தரிக்காய் மூட்டையோடு மதுரைக்கு வரத் தொடங்கினான். டெய்லர் கடை சனிக்கிழமை விடுமுறை. மனைவியும் காட்டு வேலைக்குப் போய்விடுவாள், வீட்டில் தம்பியைத் தனியே விட மனசு கேட்காது. மூட்டை பஸ் கூரையில், தம்பி முதுகில். மார்க்கெட் நெரிசலில் அவனை எங்கே இறக்கிவைப்பது? தல்லாகுளத்தில் ஒரு வாசகசாலையின் பின்கூடத்தில் கால் கை வராதவர்கள், கண் தெரியாதவர்கள் கூடுகிறார்கள், டீ தருகிறார்கள் என்று பஸ்ஸில் எவரோ சொன்னார். மலையாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

கூட்டத்தை நடத்தியவள் லத்தீபா. கோரிப்பாளையத்துப் பெண், பி.ஏ. படித்தவள், கூடத்தில் எல்லாருக்கும் டீச்சர், இடது காலில் இரும்பும் தோலுமாக ஒரு காலிப்பர். அது நடக்கும்போது கதவுத் தாழ்ப்பாள் போலச் சத்தம் கொடுக்கும். முதல் நாள் அண்ணன் முதுகிலிருந்த நல்லகாமனை அண்ணாந்து பார்த்து அவள் கேட்டாள்.

"எங்க உக்காரப் பிரியப்படுறீங்க?"

நல்லகாமன் திடுக்கிட்டான். இது எதற்கான கேள்வி?

"எங்கனயாச்சும்... நீங்க சொல்ற எடத்துல."

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். நடுவில் நின்ற மலையாண்டிதான் நெளிந்தான். "ஏம்மா, யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கம்மா. பாரத்த வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன்."

கூடம் சிரித்தது. மலையாண்டி வழக்கம்போலச் சுவரோரமாக இறக்கிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து நல்லகாமன் லத்தீபாவைக் கண்காணித்தான். மற்ற முகாம்களில் எழுதிக்கொள்வார்கள். இவள் ஒன்றும் எழுதவில்லை. காமிரா இல்லை. மாலை, மைக், தலைவர், ஒன்றுமில்லை. சாமி பேச்சும் இல்லை, ஓட்டுப் பேச்சும் இல்லை. அப்படியானால் இவளுக்கு இதில் என்ன ஆதாயம்? ஆதாயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது பெரிய ஆதாயமாக இருக்க வேண்டும். டீயை முதலில் மற்றவர்கள் குடிக்கட்டும் என்று பார்த்துவிட்டே குடித்தான்.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அடுத்த மாசத்துக்குள் நீங்களாகவே செய்ய நினைக்கிற காரியம் ஒன்று சொல்லுங்கள். பெரிசாக வேண்டாம், எட்டிப் பிடிக்கிற மாதிரி ஒன்று. சொன்னபின் அதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எல்லாருமாகப் பேசிப் பார்ப்பார்கள்.

ஊதுபத்தி விற்கிற காளைக்குக் கண் இரண்டும் இல்லை. அவன் சொன்னான்: "ரோட்டுல நிக்கையில ஆளாளுக்கு வந்து கையப் புடிச்சு இழுக்குறாகம்மா. புண்ணியம் தேடுறாக. நான் ரோட்ட கடக்க வேண்டியதே இல்லைனாலும் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுர்றாக. ஒரு நா நாலு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டேன்."

அவனுக்கு அவர்கள் பழக்கிய வாக்கியம் இது: 'இழுக்காதீங்கய்யா, நான் உங்க தோளப் புடிச்சிக்கிறேன்.' அதை அவன் தினமும் கோரிப்பாளையம் முக்கில் சொல்லிப் பழகினான். முதல் நாள் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த வாரம் ஒருவர் தோளைக் கொடுத்தாராம். இதைக் காளை ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் மாதிரிச் சொன்னான்.

நல்லகாமனின் முறை வந்தது. "அவுக பாத்துச் செஞ்சாச் சரி" என்றான்.

"எவுக?" என்றாள் லத்தீபா.

எவுக? யோசித்துப் பார்த்தால் ஊர் முழுக்க அவுகதான். அவன் ஒருத்தன்தான் 'அவுக'வில் சேராதவன்.

பல வாரம் கழித்து, கூடத்தில் கூட்டம் குறைவாயிருந்த ஒரு நாள் வாயைத் திறந்தான். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அப்துல் அலீம் என்பவரின் டெய்லர் கடை. வக்கீல் கோட்டு, கவுன் தைக்கிற கடை. பஸ் ஸ்டாப்பிலிருந்து அண்ணன் முதுகில் வரும்போது பார்ப்பான். வாசல் பலகையில் ஒருவர் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு மாசமாக அந்தப் பலகை காலி.

"அந்தப் பலகையில நான் உக்காந்தா..." என்று சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"தங்க எடம்?" என்றாள் லத்தீபா. "ஒரே மூச்சுல எம்புட்டு நேரம் உக்காந்து வேல பாப்பீங்க?"

தங்க இடத்துக்குக் காளை பதில் சொன்னான். "என் ரூம்ல ஒரு மூலை சும்மா கெடக்கு மாப்ள. லைட்டுக்கு மட்டும் பல்பு நீ வாங்கிப் போட்டுக்க. எனக்கு இதுவரைக்கும் தேவைப்படல."

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்தார்கள். காளை மலையாண்டியாக நடித்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். "ஏண்டா காமா, என்னடா முணுமுணுக்குற? கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேண்ணே" என்றான் நல்லகாமன்.

"இன்னும் ஊத்தவா?"

"போதும்ணே."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. லத்தீபாவும் சிரித்தாள். இவள் எதற்காக நம் விஷயத்தில் இம்புட்டு அக்கறை எடுக்கிறாள் என்ற பழைய முள் அவனுக்குள் மறுபடி அசைந்தது.

அண்ணனிடம் அவன் விஷயத்தைச் சொல்வதற்குள், அந்த வாரமே வீட்டில் காற்று மாறியது. மதினி சீனியம்மாள் அவன் சட்டையை நீலம் போட்டு அலசினாள். தட்டில் கேட்காமலே ஒரு முட்டை. அண்ணனும் மதினியும் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் கையூன்றி நகர்கிற சத்தம் கேட்டால் பேச்சு மழையைப் பற்றிப் போய்விடும். பிறகு மதினியின் தம்பி சுருளி வந்தான். அழகர்கோயிலில் ஏதேதோ ஏலம் எடுத்துப் பிழைக்கிறவன். வந்தவன் நல்லகாமனின் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். சந்தையில் மாட்டைப் பிடித்துப் பார்க்கிறவனின் கை.

"நாள் முழுக்க உக்காருவியா மாப்ள?"

லத்தீபா கேட்ட அதே கேள்வி. அழகர்கோயில். நாள் முழுக்க உட்காருவது. கோட்டை வாசலில் வரிசையாக, முன்னால் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களை அவன் ஆடி மாசங்களில் பார்த்திருக்கிறான். அவர்களில் பலருக்கும் இவன் மாதிரியே கால். ஒவ்வொருவரையும் காலையில் எவனோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் தூக்கிப்போகிறான் என்பதும் தெரியும். அப்படியானால் நீலம் போட்ட சட்டை? முட்டை? டீச்சரும் இதில் கூட்டா? தெம்பாக உட்கார வைக்கத்தான் இத்தனை பயிற்சியா? அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று சொல்லி மதுரைக்குப் போகவில்லை.

"ஆடிக் கூட்டமா இருக்கும், அழகர்கோயில் போயிட்டு வருவம்" என்று மலையாண்டி ஒரு காலையில் குனிந்து முதுகைக் காட்டியபோது, அவன் மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொண்டான். வழியில் அண்ணன் அடிக்கடி நின்று நின்று அவனை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டான். முன்பெல்லாம் அப்படி நிற்க மாட்டான். மனசாட்சி உறுத்துகிறது போல என்று நல்லகாமன் நினைத்துக்கொண்டான்.

கோட்டைச் சுவரோரம், கருப்பசாமி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, மலையாண்டி தோள் துண்டை உதறி விரித்து அதன் ஓரத்தில் தம்பியை இறக்கினான். "தரை சுடும். இங்கனயே இரு, இந்தா வாரேன்." கூட்டத்துக்குள் மறைந்தான்.

உட்கார்ந்தவனுக்கு முன்னால் துண்டின் பாதி காலியாக, வெள்ளையாகக் கிடந்தது. அதைச் சுருட்டிவிட வேண்டும் என்று தோன்றுவதற்குள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் நின்றாள். குழந்தையின் கையால் ஒரு காசைப் போட வைத்தாள்.

வேணாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். பழகிய வார்த்தைதான் வந்தது. "போதும்மா."

"பாவம், ஒத்தக் காசுக்குப் போதுங்கிறாரே!" அவள் இன்னொன்றும் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளைப் பார்த்துப் போட்டார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் "போதும், போதும்" என்றான். அவர்கள் நெகிழ்ந்து போய் மேலும் போட்டார்கள். வெயிலில் காசுகள் மின்னின.

மலையாண்டி கோயில் தோசையோடு சிரித்துக்கொண்டே வந்தான். துண்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"ஏண்டா... கைய நீட்டுனியா?"

"நானா?" நல்லகாமனின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "துண்ட விரிச்சது யாரு?"

"சூடு தாங்காதேன்னு விரிச்சேன்டா."

"இதுக்குத்தேன சட்டைக்கு நீலம் போட்டீக? இதுக்குத்தேன சுருளி வந்து தோளப் புடிச்சுப் பாத்தான்? சொல்லிட்டாவது இறக்கியிருக்கலாம்ல?"

நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மலையாண்டிக்குத் தம்பி என்ன சொல்கிறான் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் சாம்பலானது. தோசையைச் சுவர்மேல் வைத்தான். அதைக் குரங்கு எடுத்துக்கொண்டு ஓடியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"உன்னயப் பிச்ச எடுக்க விட வந்தேன்கிற? என்னயவா சொல்ற? வாடா, கருப்பன் வாசல்ல சத்தியம் பண்றேன். வா!"

அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தான். துண்டிலிருந்த காசுகள் சிதறின. அந்தப் பக்கத்தில் கருப்பன் வாசலில் சத்தியம் என்றால் சும்மா வாய்வார்த்தை இல்லை. பங்காளித் தகராறும் களவுத் தகராறும் கோர்ட்டில் தீராவிட்டாலும், சிலைக்குப் பதில் கருப்பனாகக் கும்பிடுகிற அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் தீரும். பொய்ச் சத்தியம் பண்ணியவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். மலையாண்டி மூச்சிரைக்க, நடந்துகொண்டே பேசினான்.

"செருப்புப் பாத்துக்கிற எடம்டா. சுருளி ஏலம் எடுத்திருக்கான். கூரை போட்டுக் குடுக்குறான். டோக்கன் குடுத்துட்டு ராசாவாட்டம் உக்காரலாம். பக்கத்துலயே தங்கிக்கலாம். ஆவுதா இல்லையான்னு இன்னிக்குப் பேசி முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." கொஞ்சம் நின்றான். "எனக்கு முதுகு போயிருச்சுடா. இனிமே பாரம் தூக்குனா படுத்த படுக்கையாயிருவன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாக. அத எப்படிடா ஒங்கிட்டச் சொல்லுவேன்?"

நல்லகாமன் மச்சத்தைப் பார்த்தான். அதன்மேல் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. வழியில் நின்று நின்று தூக்கிப் போட்டுக்கொண்டது நினைவு வந்தது. பொய்யில்லை. சத்தியத்துக்கு அவசியமே இல்லை, அந்த முதுகே சொல்கிறது.

அப்போதுதான் அவனுக்கு நிஜமான பயம் வந்தது. அண்ணன் கெட்டவன் என்று நினைத்திருந்தவரை கோபம் இருந்தது. அது இருந்ததால் பேச்சும் வந்தது. அண்ணன் நல்லவன் என்று தெரிந்தபின் எதை வைத்துப் பேசுவது? சரிண்ணே, நீ பாத்துச் செஞ்சாச் சரி என்று தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் மீதிக் காலம் முழுக்க ஊராரின் செருப்புகளோடுதான். நல்ல மனசோடு இறக்கிவிடப்பட்ட இன்னொரு தூண் மறைவு.

கதவு வந்துவிட்டது. சந்தனம் அப்பிய கதவு. மலையாண்டி கையைத் தூக்கப் போனான்.

"அண்ணே, சத்தியம் வேணாம். இறக்கு."

"இங்கயா? ஆள் நடக்குற எடம்டா, மிதிப்பாக. அந்தா ஓரமா..."

"ஓரம் வேணாம். இங்க. நீயும் எதுத்தாப்ல உக்காரு."

மலையாண்டி இறக்கினான். தானும் உட்கார்ந்தான். நடைபாதையில் இரண்டு பேர் சம்மணமிட்டிருப்பதைப் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாகப் பிரிந்து போனது. அண்ணன் முகத்தை இத்தனை கிட்டத்தில், நேருக்கு நேராக, நல்லகாமன் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! மீசை நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே பை.

கூடத்தில் பழகிய வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நீ நல்லதுக்குத்தேன் பண்ணுன. நம்புறேன். ஆனா எனக்கு அந்த வேல வேணாம்."

"அப்ப?"

"தல்லாகுளம். கோர்ட்டுக்கு எதுத்த சந்துல அலீம் பாய் கடை. காஜா எடுக்க. காளைன்னு ஒருத்தன் ரூம்ல எடம் இருக்கு. சந்துக்குள்ளதேன். கையூனியே போயிருவேன்."

"தரையில நகந்தா? ஊரு பாக்கவா?"

"பாக்கட்டும்."

மலையாண்டியின் கண்கள் சுருங்கின. இப்போது சந்தேகம் அவன் முறை. "யாருடா சொல்லிக்குடுத்தா? அந்த இரும்புக் கால் டீச்சரா? அந்தப் பொம்பளைக்கு இதுல என்ன லாபம்?"

"எனக்கும் அது தெரியல. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றான் நல்லகாமன். "பேசச் சொல்லிக்குடுத்தது அவுக. பேசுற விசயம் என்னுது."

மலையாண்டி வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் "எந்திரிங்கப்பா, வழியில" என்றபோதுதான் எழுந்தான். குனிந்து முதுகைக் காட்டினான். சம்மதமா, கோபமா, அந்தப் பிடரியை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்குப் போகிற மேலூர் பஸ் நின்றிருந்தது. அதைத் தாண்டி மதுரை பஸ்ஸில் ஏறினான். நம்மை அந்த டீச்சரிடம் சண்டைக்குத்தான் கூட்டிப்போகிறான் என்று நல்லகாமன் வழி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தான்.

தல்லாகுளத்தில் இறங்கி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நுழைந்ததும் மலையாண்டி நின்றான்.

"எங்கன இறக்க?"

நல்லகாமன் கேள்வி எந்த அர்த்தத்தில் வருகிறது என்று ஒரு கணம் காது கொடுத்தான். பிறகு, "அந்தப் பலகைக்கு முன்னால. தெருவப் பாத்தாப்ல" என்றான்.

அப்துல் அலீம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு பேரையும் பார்த்தார். நன்கொடை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் என்பது அவர் கை போன திசையிலேயே தெரிந்தது.

"காசு வேணாம் பாய்" என்றான் நல்லகாமன். "ஒரு துணி குடுங்க. காஜா எடுத்துக் காட்டுறேன்."

அலீம் கறுப்புத் துணித் துண்டு ஒன்றை நீட்டினார். அவன் எடுத்துக் காட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கோட்டுத் துணிக்கு இன்னும் நெருக்கமா வேணும். பழகிக்கலாம்" என்றவர் நிமிர்ந்து மலையாண்டியிடம் கேட்டார்.

"தம்பி எத்தன மணிக்கு வருவாப்ல? ராத்திரி எங்க படுப்பாப்ல?"

மலையாண்டி வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. தம்பி பக்கம் திரும்பினான்.

நல்லகாமன் அவசரப்படவில்லை. அண்ணன் நிஜமாகவே சும்மா இருக்கப் போகிறானா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அலீமின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினான்.